கவ்வாத்துக்கு அடங்காத குட்டி ஓர்கிட்

ஜன்னலோரத்தில் குட்டி ஓர்கிட் ஒன்று வைத்திருந்தால் வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இது இன்னும் பெரிசாகுமா, இல்ல இவ்வளவுதானா?" அடுத்த வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "சின்னச் சாடியிலயே வச்சிருந்தா பெரிசாகாதுதானே டீச்சர்?" என்று பதிலையும் தானே சொல்லிவிட்டார். இல்லை அக்கா, சில செடி ஆகும், சிலது ஆகாது, சாடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லத் தொடங்கி, தேநீர் ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சு நீண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நாம் இருக்கிற ஊர் அப்படி, இலங்கையின் தேயிலை மலைநாடு. விட்டுவிட்டால் 30 அடிக்கு மேல் மரமாகிவிடக்கூடிய தேயிலையை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, வாரா வாரம் கொழுந்து எடுத்து, சில வருடங்களுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டி, தாத்தா காலத்துச் செடியையே இன்றைக்கும் புதராக வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எந்தச் செடியையும் வெட்டியோ நெருக்கியோ அடக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தேயிலையில் ஒரு கிளையை வெட்டினால் கீழே தூங்கிக்கொண்டிருக்கிற அரும்புகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கிற பெலனொப்சிஸ் ஓர்கிட்டுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, இலைகளுக்கு நடுவில் இருக்கிற குருத்து. அது போய்விட்டால் அந்தத் தண்டு மேலே போக வழியில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் அடியிலிருந்து ஒரு குட்டி வரும், இல்லாவிட்டால் இருக்கிற இலைகள் தீர்கிற வரைக்கும் நிற்கும். ஆகவே கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்.

சரி, சின்னது என்றால் எவ்வளவு சின்னது? முழுதாக வளர்ந்த பிறகும் செடி 15 சென்டிமீற்றரைத் தாண்டாவிட்டால் அதைக் குட்டி வகை என்று ஓர்கிட் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். பூந்தண்டு இந்தக் கணக்கில் வராது. அதனால்தான் குட்டி என்று வாங்கிய செடி தன்னைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குப் பூந்தண்டு விடும்போது சிலர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த 15 சென்டிமீற்றருக்குள்ளேயும் ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கிறது. மத்திய அமெரிக்கக் காடுகளில் பிளாட்டிஸ்டெலி என்று ஒரு பேரினம், அதாவது பல இனங்கள் சேர்ந்த கூட்டம், அதில் ஒன்றின் பூ ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான், செடியே மரத்துப் பாசியோடு பாசியாகக் கிடக்கும். இதே ஓர்கிட் குடும்பத்தில்தான் தென்கிழக்காசியாவின் கிரமட்டோபிலமும் இருக்கிறது, அதன் தண்டுகள் ஆள் உயரத்தைத் தாண்டும், முழுக் கொத்தும் நூற்றுக்கணக்கான கிலோ நிறை வரும். அந்தத் தண்டைக் கொண்டுபோய்ச் சின்னச் சாடியில் வைத்து அடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையில் ஏமாறுகிற இடம் வேறு. பூக்கடையில் கைக்கு அடக்கமான சாடியில் இரண்டு மூன்று பூவோடு நிற்கிற செடி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, பிறவியிலேயே குட்டி. மற்றது, பெரிய வகையின் பிள்ளைப்பருவச் செடி, முதல் தடவை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓர்கிட் தன் முழு அளவை எட்டுவதற்கு முன்னாலேயே பூக்கத் தொடங்கிவிடும், அதனால் பூத்துவிட்டதே, இனி வளராது என்று முடிவு கட்ட முடியாது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற மருந்து கொடுத்துப் பூந்தண்டைக் கட்டையாக்குகிற பழக்கமும் பூச்செடி வியாபாரத்தில் உண்டு. அந்த மருந்தின் வேகம் குறைந்ததும் வீட்டில் வருகிற அடுத்த தண்டு நீண்டு வரும். விற்கிறவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், அவர் கொழும்பிலிருந்து லொறியில் வந்ததை விற்கிறார். பெயர்ச்சீட்டு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

பெலனொப்சிஸ் என்கிற ஒரே பேரினத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் ஏன் இவ்வளவு குழப்பம் என்று புரியும். போர்ணியோவின் ஜைகான்டியாவுக்கு ஒரு இலையே அரை மீற்றரைத் தாண்டும், யானைக் காது மாதிரித் தொங்கும். இமயமலையின் கிழக்குப் பக்கத்திலிருந்து வருகிற லொபி என்கிற வகைக்கு இலை விரல் நீளம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் பிலிப்பைன்ஸிலும் தாய்வானிலும் வளர்கிற எக்குவெஸ்ட்ரிஸ் என்று ஒன்று இருக்கிறது. கடையில் குட்டி என்று விற்கிற கலப்புச் செடிகளில் பெரும்பாலானவற்றின் பாட்டி, பூட்டி வரிசையில் இது எங்கேயோ இருக்கும். ஒரு தண்டில் நிறையச் சின்னப் பூக்கள், கிளை விடுகிற தண்டு, அடக்கமான இலை, இதெல்லாம் அங்கிருந்து வந்தவை. பரம்பரையின் மற்றப் பக்கத்தில் பெரிய பூக்காரர்கள் இருந்தால் செடி இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது போய் நிற்கும். 25 சென்டிமீற்றர் அகலத்துக்கு இலை விரிகிற செடியும் கடையில் குட்டி என்ற பெயரில்தான் நிற்கிறது. சட்டப்படி குற்றமில்லை, ஜன்னல் பலகைதான் போதாது.

அப்படியானால் கையில் இருக்கிற செடி எவ்வளவு வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இலைகளை அடியிலிருந்து மேலே பாருங்கள். பெலனொப்சிஸ் குருத்திலிருந்து ஒவ்வொரு இலையாக, இடமும் வலமுமாக மாறி மாறி விடும். வளர்ந்துகொண்டிருக்கிற செடியில் ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் நீளமாக, அகலமாக வரும். கடைசியாக வந்து முழுதாக விரிந்த இரண்டு மூன்று இலைகளும் ஒரே அளவில் நின்றுவிட்டால் செடி தன் அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். விரிந்து முடியாத இலையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, அது ஆறுதலாகத்தான் நீளும். அப்புறம் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை, மேலே ஒரு இலை வரும், அடியில் ஒரு இலை பழுத்து விழும், மொத்தத்தில் நான்கு ஐந்து இலை என்ற கணக்கு மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அடியிலை மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு வருத்தம் வந்துவிட்டது என்று மருந்து தேடி ஓடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நல்ல நிலையில் இருக்கிற செடிக்கே வருடத்தில் இரண்டு மூன்று இலைதான் வரும். வாழை மாதிரி வாரத்துக்கு ஒன்று எதிர்பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றம், செடிக்கு அநாவசியமாக உரம்.

உரம் என்றதும் இன்னொன்று. தோட்டத்தில் கிடைக்கிறதே என்று கொழுந்துச் செடிக்குப் போடுகிற உரத்தில் ஒரு பிடியை அள்ளிச் சாடியில் போட்டுவிடாதீர்கள். ஓர்கிட்டின் வேர் நுனி உப்பைத் தாங்காது, கறுத்துப் போகும். அல்பர்ட் கரைசல் என்கிற உரத்தைப் பொதியில் சொன்னதில் கால்வாசிப் பலத்துக்குக் கரைத்து, புது இலையோ வேரோ வந்துகொண்டிருக்கிற காலத்தில் மட்டும் கொடுத்தால் போதும். எவ்வளவு கொட்டினாலும் குட்டி வகை தன் பரம்பரை அளவைத் தாண்டப் போவதில்லை.

இதுவரை சொன்னது ஒற்றைத் தண்டாக மேலே போகிற வகைகளுக்கு. டென்ட்ரோபியம், கட்லியா, ஒன்சிடியம் போன்றவை வேறு கட்சி. இவை படுத்தபடி பக்கவாட்டில் நகரும். ஒவ்வொரு பருவத்திலும் அடியிலிருந்து ஒரு புது முளை வந்து, தண்டு தடித்துத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற குமிழாக நிற்கும், அடுத்த முளை அதன் காலடியிலிருந்து வரும். வளரும் வயதில் ஒவ்வொரு புதுக் குமிழும் பழையதைவிட உயரமாக வந்து, ஓர் அளவில் நின்றுவிடும். உயரம் நின்றாலும் அகலம் நிற்காது. குமிழ்கள் பெருகிப் பெருகிக் கொத்தாகும். அதனால் 8 சென்டிமீற்றர் உயரக் குட்டி டென்ட்ரோபியம் ஒன்று சில வருடங்களில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குப் போனால் அது அளவு மீறியதாக ஆகாது, உயரத்தை அளந்து பாருங்கள், அதே 8தான் இருக்கும். புதுக் குமிழ் பழையதைவிடச் சின்னதாக வரத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும், வேரிலோ வெளிச்சத்திலோ ஏதோ பிழை.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் ஒரே செடி இரண்டு அளவில் தெரிவதற்குக் காரணம் இதுதான். பரம்பரை ஓர் எல்லையைப் போடுகிறது, அந்த எல்லைக்குள் செடி கச்சிதமாக நிற்பதா, இழுபட்டு நிற்பதா என்பதை வெளிச்சம் முடிவு செய்கிறது. இருட்டில் இருக்கிற செடியின் இலை கரும்பச்சையாக, நீளமாக, தொங்கலாக வரும், பார்க்கிறவர் நன்றாக வளர்கிறது என்பார். போதிய வெளிச்சத்தில் இருக்கிற இலை கொஞ்சம் வெளிர்பச்சையாக, கட்டையாக, விறைப்பாக இருக்கும், பூவும் அதற்குத்தான் வரும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஜன்னல் சின்னது, தகரக் கூரை தாழ்ந்து வேறு இருக்கும், உள்ளே இரண்டடி தள்ளி வைத்தாலே செடிக்கு அது இரவுதான். கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே முதல் இடம், காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டால் ஒன்றும் ஆகாது. இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், கண்ணாடித் தகடு போட்ட மூலை இருந்தால் அதுவும் நல்லது. இலைக்கு ஓர் அடி மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். நிழல் மங்கலாகவாவது விழ வேண்டும். கத்தி வெட்டின மாதிரித் தெளிவாக விழுந்தால் பெலனொப்சிஸுக்கு அது அதிகம், நிழலே விழாவிட்டால் போதாது. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் நாட்கணக்கில் சூரியனே தெரியாது, அப்போது வெள்ளை எல்ஈடி குழல்விளக்கு ஒன்றை ஓர் அடி உயரத்தில் பகல் முழுக்க, ஒரு 12 மணி நேரம் எரியவிட்டால் செடி இழுபடாமல் நிற்கும். மின்சாரக் கட்டணத்தை வீட்டுக்காரரிடம் எப்படி விளக்குவது என்பது உங்கள் பாடு.

அடுத்தது குளிர். பெலனொப்சிஸ் கீழ்நாட்டுச் செடி. 18 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இலை வளர்ச்சி மந்தமாகிவிடும். நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான் இருக்கிறது, ஹட்டன் தலவாக்கலைப் பக்கமும் தை, மாசி இரவுகள் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அதனால் கண்டியில் இருக்கிற தங்கச்சியின் செடி இரண்டு இலை விட்டிருக்கும்போது உங்களுடையது ஒன்றோடு நிற்கலாம், அது நோயில்லை. இன்னொரு பக்கம் இந்தக் குளிரே நமக்கு லாபம். பகலில் 28 பாகைக்கு மேலேயே இருந்தால் பெரும்பாலான கலப்பு வகைகள் பூந்தண்டு விடாமல் இலையாகவே போட்டுக்கொண்டிருக்கும், கொழும்பில் இருப்பவர்கள் கடைப் பூ உதிர்ந்த பிறகு மறுபடி பூக்கவில்லை என்று புலம்புவது இதனால்தான். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை, தண்டு தானாக வரும். ஆனால் தண்டும் பூவும் வரும் காலத்தில் புது இலை பின்வாங்கும். குளிரும் அடிக்கடி பூப்பதும் சேர்ந்து, மலைநாட்டு ஜன்னலில் இருக்கிற செடி வயதுக்கு ஏற்ற அளவைவிடச் சின்னதாகவே தெரியும். தளர்ந்துபோன செடி, இரண்டே இலைதான் மிச்சம் என்றால் பூந்தண்டை வெட்டிவிடுவதில் பாவமில்லை, கத்தரிக்கோலுக்கு அது ஒன்றுதான் வேலை.

சொல்லப்போனால் நாம் வளர்க்க வேண்டியதே வேறு குட்டிகள் என்பது என் கட்சி. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில், மேகம் தொட்டுக்கொண்டிருக்கிற காடுகளில் மஸ்டிவேலியா என்று ஒரு பேரினம் இருக்கிறது. நியூகினியின் மலைகளில் 2000 மீற்றருக்கும் மேலே, பாசி மூடிய மரங்களில் டென்ட்ரோபியம் கத்பேர்ட்சோனி என்று ஒன்று இருக்கிறது. செடி விரல் உயரம்கூட இருக்காது, பூவோ செடிக்குச் சமமான பெரிசு, அதுவும் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். இவற்றை வளர்க்க மற்ற நாட்டுக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரூட்டி வைத்துப் படாத பாடு படுகிறார்கள், அவர்கள் காசு கொடுத்து உண்டாக்குகிற குளிரும் பனிமூட்டமும் நமக்கு வாசற்படியில் சும்மா கிடக்கிறது. நம்மூர்க் கடைகளில் இவற்றை நான் கண்டதில்லை, கொழும்புச் சூட்டுக்கு ஏற்ற வகைதான் லொறியேறி வருகிறது. தாய்வானின் ஹராயெல்லா எங்கேயாவது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், முழுதாக வளர்ந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கும்.

தண்ணீர் விஷயத்தில் சாடி உண்மையிலேயே முக்கியம், அளவுக்காக அல்ல, காய்கிற வேகத்துக்காக. குட்டிச் சாடியில் இருக்கிற ஒரு பிடி தும்பும் கரியும் மாசி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆடி மழையில் ஒரு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. அதனால் திங்கள், வியாழன் என்று கிழமை வைத்து ஊற்றுவது நம் ஊருக்குச் சரிவராது. வேரைப் பாருங்கள். காய்ந்த வேர் வெள்ளி நிறம், நனைந்தது பச்சை. வெள்ளியானால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம். காலையிலேயே ஊற்றுங்கள், குருத்துக்குள் தண்ணீர் தேங்கி இரவுக் குளிரும் சேர்ந்தால் அழுகல் பிடிக்கும். சாடிக்கு வெளியே நாலாபக்கமும் போகிற வேரை இடம் போதவில்லை என்று நினைத்து வெட்டவோ, பெரிய சாடிக்கு மாற்றவோ வேண்டாம். மரத்தில் ஒட்டி வாழ்கிற செடிக்கு வேர் காற்றில் இருப்பதுதான் வழக்கம். பெரிய சாடியில் தும்பு அதிகம், ஈரம் அதிகம், நம் மழைக்கு அது வேர் அழுகல். தும்பு மக்கிக் கூழாகும்போது மாற்றினால் போதும், அதே அளவுச் சாடியிலேயே வைக்கலாம்.

மிலாறு, அதாவது கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் குச்சி, எரிக்கிற அடுப்படியில் செடியை வைக்காதீர்கள். புகையில் எத்திலீன் என்கிற வாயு இருக்கிறது, பூ மொட்டு விரியாமலே உதிரும். பழுக்கிற வாழைக்குலைக்குப் பக்கத்திலும் இதே கதைதான்.

காட்டிலிருந்து எடுத்து வரலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. இலங்கையில் ஏறக்குறைய 190 ஓர்கிட் இனங்கள் இருக்கின்றன, மேல்மலைக் காடுகளில் பாசி பிடித்த மரங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒபெரோனியா, பல்போபில்லம் என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் பூக்கிற குட்டிகள் நிறைய. அவை அந்த மரம், அந்தப் பாசி, அந்தக் காற்று எல்லாவற்றோடும் சேர்த்து வாழ்கிறவை. பிடுங்கி வந்து ஜன்னலில் வைத்தால் பெரும்பாலும் சாகும், அதோடு தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று 1937 முதல் ஒன்று இருக்கிறது, ஓர்கிட்டுகளில் பல அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன. பார்க்க ஆசையாக இருந்தால் பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். முழுதாக வளர்ந்த செடி எப்படி இருக்கும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கடையில் நிற்கிற பிள்ளைச் செடியைப் பார்த்துத் தெரியாது, அங்கே தெரியும்.

கடைசியாக, "எனக்கு ஒரு துண்டு உடைச்சுத் தாங்களேன்" என்று கேட்கிறவர்களுக்கு. கொத்தாகப் பெருகும் வகையைப் பிரிக்கலாம், ஆனால் ஒரு துண்டுக்கு மூன்று குமிழாவது இருக்க வேண்டும், குறைந்தால் இரண்டு வீட்டிலும் செடி வருடக்கணக்கில் பூக்காது. பெலனொப்சிஸை உடைக்கவே முடியாது. எக்குவெஸ்ட்ரிஸ் இரத்தம் உள்ளவை சில நேரம் பூந்தண்டிலேயே குட்டி போடும், அதற்கு இரண்டு மூன்று இலையும் விரல் நீள வேர்களும் வந்த பிறகுதான் பிரித்து நடலாம். என்னுடையதில் ஒரு குட்டி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அடுத்த வீட்டு அக்கா ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார், மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள்.